வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்: ஒரு தலைவனின் வாழ்வும் வியப்புப் புனைவை மதிப்பிடும் நெறியும்

முன்னுரை

மிகுபுனைவு, அறிவியல் புனைவு ஆகிய வகைகளில் எழுதப்பெறும் தமிழ்த் தொடர்கதைகளுக்குக் கொல்லிமலை உவப்பான களமாக விளங்குகிறது. சித்தர் குகையும் அரிய மூலிகையும் நகைத்துக் கொல்லும் பாவையும் அம்மலையோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. இவற்றுள் பாவையைப் பற்றிய வாசிப்பு இரு முனைகளில் நின்றுவிட்டது. ஒருசாரார் அதனைப் பழந்தமிழர் கண்ட இயந்திர மனிதன் என வரலாறாகவே கொள்கின்றனர். மற்றொரு சாரார் கட்டுக்கதை என ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் அதனைப் புனைவாக வைத்து மதிப்பிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

புனைவுலகில் தோன்றும் வியப்பு தனக்கென ஓர் ஒழுங்கு உடையதா, அதற்கு எல்லை உண்டா, ஒரு பகுதியில் நிறுவப்பட்டது அடுத்த பகுதியில் மாறாது தொடர்கிறதா என்பனவே தொடர்புனைவை மதிப்பிடுவோர் கேட்கவேண்டிய வினாக்கள். கொல்லியைப் பற்றிய சங்கப் பாடல்களும் ஒருவகையில் தொடரே. புலவர் பலர், மலையும் தலைவனும் பாவையும் ஒன்றே. ஆகவே அம்மலைத் தலைவனாகிய ஓரியின் வாழ்வை அப்பாடல்களின் வழியே தொடர்ந்து சென்று, அவ்வினாக்களை அங்கேயே எழுப்பிப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

நாடும் பெயரும்

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்பது கொல்லிமலை. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறும் சாலை இன்று அதற்கு அடையாளம். சங்கப் புலவர்க்கோ அதன் அடையாளம் பலாமரம். சிவந்த வேரையுடைய பலாவால் பயன்மிக்க மலை என்றே அவர்கள் அதனைத் திரும்பத் திரும்பக் குறிக்கின்றனர். கொல்லிப் பலாவின் பெயர் இன்றும் சந்தையில் மங்கவில்லை.

இம்மலையை ஆண்ட ஓரி, சிறுபாணாற்றுப்படை வரிசைப்படுத்தும் வள்ளல் எழுவருள் ஒருவன். வில்லாற்றலால் வல்வில் ஓரி எனப்பட்டான். புறநானூற்றின் 153ஆம் பாடல் அவனை ஆதன் ஓரி என்கிறது. தந்தை பெயர் முன்வரும் வழக்கை நோக்க, ஆதன் என்பானின் மகன் எனக் கொள்ள இடமுண்டு. அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு பொருத மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். தலைவனும் ஊர்தியும் ஒரே பெயர் பூண்டு, பகைவர் இருவரும் ஒருவர்க்கொருவர் நிழல்போல் அமைவதைச் சிறுபாணாற்றுப்படை ஓரிரு அடிகளில் சொல்லிச் செல்கிறது. பிற்காலக் கதைஞர் ஒருவர் புனைந்திருந்தால் செயற்கை எனத் தோன்றக்கூடிய அமைப்பு இது.

வேட்டை

ஓரியின் வாழ்வில் முழுமையாகக் காட்சிப்படும் நாள் ஒன்றே. புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர் அதனைப் பாடியுள்ளார். காட்டு வழியே செல்லும் இசைக்குழுவினர் வேடன் ஒருவனைக் காண்கின்றனர். அவன் எய்த அம்பு யானையை வீழ்த்துகிறது, வாய் பிளந்த புலியைக் கொல்கிறது, புள்ளிமான் கலையை உருட்டுகிறது, பன்றியைச் சாய்க்கிறது, முடிவில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. தோற்றத்தால் கொலைத்தொழில் வேடனாகத் தெரியவில்லை, மார்பில் அணி விளங்குகிறது. இவன் ஓரிதானோ அல்லனோ என ஐயுற்ற புலவர், விறலியரைப் பாட ஏவுகிறார். யாழும் முழவும் பிறவும் இயைய, இருபத்தொரு பாடற்றுறைகளையும் முறையாகப் பாடி முடித்து, அரசன் என விளிக்கும் சொல்லைக் கூறியதும் அவன் நாணுகிறான். பின்னர், தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னை மணிகளோடு கலந்து அளிக்கிறான்.

ஓர் அம்பு ஐந்து உயிர்களைத் துளைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதைப் புலவரும் அறிவார்; கேட்டோரும் அறிவர். ஆயினும் இம்மிகையில் ஓர் ஒழுங்கு உள்ளது. யானையில் தொடங்கும் அம்பு உடும்பில் முடிகிறது. மிகப்பெரிய உடலை ஊடுருவிய விசை, மிகச்சிறிய உடலில் அடங்கிவிடுகிறது. அம்புக்கு முடிவு உண்டு. அது புற்றில் நிற்கிறது. வியப்பு தன் ஆற்றலைச் செலவழித்துத் தீர்கிறது என்பதனால்தான் அதனை நம்ப மனம் இசைகிறது. நம் தொடர்கதைத் தலைவர்கள் பலரின் படைக்கலங்கள் எத்தனை முறை ஏவினும் ஓயாமல் செல்வதை இதனோடு ஒப்பிட்டால், வன்பரணரின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும்.

மற்றொன்றும் உண்டு. அப்பாடலின் உச்சம் அம்பு அன்று, நாணம். ஐந்து விலங்குகளை ஓர் அம்பால் வீழ்த்தியவன், தன்னை அரசன் என அழைக்கும் ஒரு சொல்லின் முன் கூசி நிற்கிறான். வியப்பு மனிதனை மறைக்கவில்லை. அவனைக் காட்டப் பயன்படுகிறது.

கொடை

153ஆம் பாடலில் இதே புலவரின் சுற்றத்தார் ஓரியிடம் சென்று பெற்ற பரிசில் கூறப்படுகிறது. குளிர்ந்த நீரில் பூவாத குவளையை வெள்ளி நாரில் தொடுத்த மாலையும் அணிகலன்களும் யானைகளும் பெற்றனர். உண்ட மிகுதியால் கூத்தர் ஆடவும் இயலாதவராய்ப் பாடலையும் மறந்தனர். நீரில் பூவாத பூ என்பது கேட்டவுடன் மாயமாகத் தோன்றும்; மணி பதித்துச் செய்த பொற்கொல்லர் வேலை என அடுத்த கணமே தெளியும். சங்கப் புலவர் செய்பொருளை இயற்கைப் பொருளிலிருந்து பிரித்துச் சொல்ல அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. பாவையைப் பற்றிய வாதத்தில் இச்சான்று பின்னர்ப் பயன்படும்.

கழைதின் யானையாரின் 204ஆம் பாடல் ஓரியின் கொடையை வேறொரு நிலையில் வைக்கிறது. இரத்தலின் இழிவையும் மறுத்தலின் பேரிழிவையும், கொடுத்தலின் உயர்வையும் கொள்ளாமையின் பேருயர்வையும் அடுக்கிக் கூறும் அப்பாடலில், பரிசில் கிடையாதபோது புறப்பட்ட பொழுதையும் புள்நிமித்தத்தையும் பழிப்பதன்றி வள்ளலைப் பழிப்பதில்லை என்கிறார் புலவர். கொடாத நாள் ஒன்றும் ஓரிக்கு நேர்ந்திருக்கலாம் என்னும் குறிப்பு அதில் உண்டு. அவனை வெறும் கற்பக மரமாக்கிவிடாமல் காப்பது இப்பாடலே.

பாவை

கொல்லியின் மேற்குச் சரிவில் தெய்வம் அமைத்த பாவை ஒன்று இருந்ததாகப் பல அகப்பாடல்கள் கூறுகின்றன. அங்கெல்லாம் அது தலைவியின் அழகுக்கு உவமை. கபிலரின் குறுந்தொகை 100ஆம் பாடலில் பாவை நிற்கும் மலை ஓரிக்கு உரியது. பரணரின் குறுந்தொகை 89, அகநானூறு 62 ஆகியவற்றில் அதே மலை சேரனாகிய பொறையனுக்கு உரியது. அப்பரணரே நற்றிணை 265ஆம் பாடலில் ஓரியின் கொல்லி எனவும் பாடுகிறார். மலை கைமாறிய காலத்தைப் பரணரின் பாடல்கள் இரு பக்கமும் தொட்டு நிற்கின்றன எனலாம். ஆட்சி மாறினும் பாவை மாறவில்லை. தொடர்ச்சி என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பாவையின் இயல்பை மிகுதியாக விரிப்பது நற்றிணை 201. காற்று மோதினும், மழை விரைந்து பொழியினும், இடி சினந்து தாக்கினும், நிலமே அதிரினும் அது தன் வடிவம் இழப்பதில்லை. அதாவது, பாவையின் முதற்பண்பு அசையாமை. இதற்கு எதிராகக் காட்டத்தக்கது நற்றிணை 192. பூதம் அமைத்த பாவை இளவெயிலில் வெளிப்பட்டாற்போலத் தலைவி வருவதாக அப்பாடல் கூறுகிறது. இயங்குதல் எனப் பொருள்கொள்ள இடந்தரும் சொல்லும் அதில் உண்டு. பொறிப்பாவை என்னும் கருத்து வேரூன்ற இடம் இதுவே. ஆனால் அமைத்தவர் கம்மியர் அல்லர், பூதம். மணிக்குவளையைச் செய்பொருள் எனத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மரபு, பாவையைத் தெய்வத்தின் கையிலும் பூதத்தின் கையிலும் விட்டுவைத்தது தற்செயல் ஆகாது. அது தொழில்நுட்பத்தின் பதிவு அன்று; அணங்கின் பதிவு.

கொலைப் பண்புக்கான வித்தும் தொகைநூலிலேயே உள்ளது. நற்றிணை 185இல் தலைவன், பாவை போன்றவள் தன்னைக் கொல்லத் துணிந்தாள் என வருந்துகிறான். அக்கொலை காதல் நோய். உவமையில் நின்ற அக்கொலையைப் பின்வந்தோர் நிகழ்ச்சியாக்கினர். மலையில் வாழ்வோர்க்கு இடர்செய்ய வரும் அரக்கரை மணத்தால் அறிந்து, நகைத்து மயக்கி, இறுதியில் கொல்லும் பாவை என்னும் கதையை நற்றிணை உரையாசிரியர் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் எடுத்துரைத்துள்ளார். இன்று கொல்லிமலையில் எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுபவளையும் மக்கள் கொல்லிப்பாவை என்றே அழைக்கின்றனர்.

பொறியாக வாசித்தல்

தமிழ்ப் புனைவில் பொறிகள் இல்லை என்பது இதன் பொருளன்று. மதுரை மதிலின் போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிச் சொல்கிறது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கப் பொய்யானை ஒன்று வருகிறது. அதன் வயிற்றில் வீரர் மறைந்துள்ளனர். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் விசயை வான்வழி தப்புகிறாள். அரசி அதனை இயக்கப் பழகுவதும், அது சுடுகாட்டில் இறங்குவதும் நூலில் உள்ளன. நீராவிக் காலத்து இயந்திரங்களைக் கற்பனையால் நீட்டித்து எழுதும் ஸ்டீம்பங்க் வகைக்குத் தமிழில் முன்னோடி தேடுவோர், பாவையை விட்டு மயிற்பொறியிடம் செல்வதே பொருந்தும்.

கிரேக்கப் புராணத்தின் வெண்கல வீரன் டாலோஸ் கிரீட் தீவை நாள்தோறும் மும்முறை சுற்றிக் காத்தான். கணுக்காலருகே ஓடிய ஒரே நரம்பு திறந்தபோது உயிர்நீர் வடிந்து வீழ்ந்தான். காவற்பொறிக்குப் பணி எதுவோ, முடிவு எதுவோ, இரண்டையும் அக்கதை வரையறுக்கிறது. சுஜாதாவின் என் இனிய இயந்திராவிலும் அதன் தொடர்ச்சியாகிய மீண்டும் ஜீனோவிலும் வரும் இயந்திர நாய் ஜீனோ வாசகர் நெஞ்சில் நிலைத்ததற்கும் இதுவே காரணம். கற்றுக்கொண்டே வளர்ந்தாலும் தான் இயந்திரம் என்னும் எல்லையை அது மறப்பதில்லை. அவ்வெல்லையே கதையின் இரக்கம். பிற்காலக் கொல்லிப்பாவைக் கதைக்கு உணரும் ஆற்றல் உண்டு, கொல்லும் ஆற்றல் உண்டு. ஓயும் இடம் இல்லை. அதனை அப்படியே எடுத்தாளும் தொடர்கதைகள் விரைவில் சலிப்பூட்டுவது இதனாலேயே.

காரியின் வரவு

பாவையைக் காவற்பொறியாகக் கொள்வோர் ஓரியின் முடிவுக்கு விடை கூறவேண்டும். அகநானூறு 209இல் கல்லாடனார் அதனைச் சுருங்கச் சொல்கிறார். முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான். அச்செய்தியைச் சொல்லும் அடிகளிலேயே, அம்மலையில் தெய்வம் ஆக்கிய பாவையும் குறிக்கப்படுகிறது. பகைவனின் படை மலையேறியபோது பாவை நகைக்கவில்லை, ஒருவரையும் கொல்லவில்லை. தலைவன் இறந்தான், மலை பரிசிற்பொருள்போல் கைமாறியது, பாவை இருந்தபடியே இருந்தது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம், கொல்லிக் கூற்றத்தில் பெருஞ்சேரல் இரும்பொறை அதிகமானையும் இரு பெருவேந்தரையும் வென்றதைக் கூறுகிறது. மலைக்கான போர் ஓரியோடு ஓயவில்லை என்பது அதனால் புலனாகும். அசையாத பாவை என்னும் நற்றிணையின் கருத்தை ஏற்றால் ஓரியின் இறப்பும் அகநானூற்று உவமையும் முரணின்றி இணைகின்றன. கொல்லும் பாவை என்னும் கதையை ஏற்றால் கல்லாடனாரின் அடிகளுக்கு இடமின்றிப் போகிறது. கொல்லியைக் களமாகக் கொள்ளும் புனைகதையாசிரியர் எவரும் இம்முடிச்சை அவிழ்க்காமல் கடக்க இயலாது. அதனை அவிழ்க்க முயல்வதே நல்ல கதைக்குத் தொடக்கமாகவும் அமையக்கூடும்.

ஓரியின் இறப்பைப் பாடிய கையறுநிலைப் பாடல் தொகைநூல்களுள் இடம்பெறவில்லை. பாரிக்கு வாய்த்த கபிலர் ஓரிக்கு அவ்வகையில் வாய்க்கவில்லை. புறநானூற்றில் 121 முதலான பாடல்களில் காரியைப் பாடிய அக்கபிலரே, நற்றிணை 320இல் ஓரியின் தெருவை நினைவுகூர்கிறார். அதுவும் ஒரு மருதப் பாடலில். விழா முடிந்துவிட்டது, முழவும் ஓய்ந்துவிட்டது. தழையாடை அணிந்த இளையவள் ஒருத்தி தெருவில் நடந்து செல்கிறாள். ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரம்போல் ஊர் இரைகிறது. வீட்டு மகளிர் தத்தம் கணவரைக் காத்துக்கொண்டு தப்புகின்றனர்.