பதினைந்து வயசு மோகன்தாஸ்

காந்தி என்றதும் நமக்குக் கண்ணாடி போட்டு, கைத்தடி ஊன்றிய தாத்தாதான் ஞாபகத்துக்கு வருவார். எனக்கும் அப்படித்தான். படிவம் 4-இல் இருந்தபோது அவருடைய சுயசரிதையைச் சும்மா புரட்டினேன். அதில் இருந்தவன் என் வயசுப் பையன்; என்னைவிடப் பெரிய பொய்யன்!

1869 அக்டோபர் 2-இல் போர்பந்தரில் பிறந்தவர். அப்பா திவான். 13 வயசில் கஸ்தூர்பாவோடு கல்யாணம். ராஜ்கோட்டில் படிக்கும்போது ஒரு கூட்டாளி சேர்ந்தான். இறைச்சி சாப்பிடுவதால்தான் வெள்ளைக்காரன் பலசாலியாகி நம்மை ஆள்கிறான் என்று ஓதினான். வைணவ வீட்டுப் பிள்ளை ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டார். அன்று ராத்திரி வயிற்றுக்குள் உயிரோடு ஓர் ஆடு கத்துவதுபோல இருந்ததாம். ஆனாலும் விடவில்லை. ஒரு வருஷத்தில் ஐந்தாறு தடவை நடந்தது.

விளைவை யோசித்து நம்மை இழுத்துப் பிடிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. அது முதிர்ந்து முடிய இருபது வயசு தாண்டியும் சில வருஷங்கள் ஆகும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆசையும் வேகமும் அதற்காகக் காத்திருப்பதில்லை. கூட்டாளி பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடும். ராத்திரியில் கும்பலாக மோட்டார் ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவரை நிறுத்தியது எது தெரியுமா? வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து, அம்மாவிடம் பசியில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இறைச்சி தப்பு என்று அப்போது அவர் நினைக்கவே இல்லை. பொய்தான் உறுத்தியது. பெற்றவர்கள் இருக்கும்வரை தொடுவதில்லை, அவர்கள் காலத்துக்குப் பிறகு எல்லாருக்கும் தெரியவே சாப்பிடலாம் என்று தீர்மானித்தார்.

15 வயசில் திருட்டு. அண்ணனுக்கு இருபத்தைந்து ரூபாய் கடன். அவர் கையிலிருந்த தங்கக் காப்பில் கொஞ்சம் வெட்டி எடுத்துக் கடனை அடைத்தார்கள். மனசு கேட்கவில்லை. வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. கண்ணை மூடி ஒரு கணம் இருந்துவிட்டு, அதைக் கிழித்துப் போட்டுப் படுத்துக்கொண்டார். அடியும் இல்லை, திட்டும் இல்லை. மகனும் அழுதார். நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவே கொஞ்ச நேரம் ஆனது. என் அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். 1885-இல் அந்த அப்பா காலமானார்.

1888-இல் மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு லண்டன் போனார். அங்கே வேறொரு கூத்து. 19 ஷில்லிங்கில் தொப்பி, 10 பவுனில் சூட், டான்ஸ் வகுப்பு, வயலின், தினம் பத்து நிமிஷம் கண்ணாடி முன் தலைசீவல். வெள்ளைக்காரனாகவே ஆகிவிடப் பார்த்தார்! மூன்று மாசத்தில் தெளிந்து வயலினையும் விற்றுவிட்டார்.

பசியோடு சுற்றியவருக்கு ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் அகப்பட்டது. அங்கே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய புத்தகத்தை வாங்கிப் படித்தார். அதுவரை அம்மாவுக்காகச் சைவம், அன்றிலிருந்து தனக்காக. கீதையையும் அங்கேதான் முதன்முதலில் படித்தார், அதுவும் ஆங்கிலத்தில். அதற்காக வெட்கப்பட்டிருக்கிறார். தேவாரத்தை ரோமன் எழுத்தில் படிக்கும் நம்மில் சிலருக்கு அந்த வெட்கம் புரியும்.

1891-இல் பாரிஸ்டராகப் பம்பாயில் இறங்கியபோதுதான் அம்மா காலமான செய்தியை அண்ணன் சொன்னார். வயசு 21. பெற்றவர்கள் இருவரும் இல்லை. பையனாக இருந்தபோது போட்ட கெடு முடிந்துவிட்டது. இனிமேல் வெளிப்படையாகச் சாப்பிட்டாலும் கேட்க யாருமில்லை. அவர் சாப்பிடவில்லை.