மோட் மென்ரன்: நொதியங்களை அளந்த வைத்தியர்

உயர்தர வகுப்பில் உயிரியல் செயன்முறை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். முளைவிட்ட பயற்றை அரைத்து வடித்த சாற்றை மாப்பொருட் கரைசலுடன் கலந்து, நிமிடத்துக்கு ஒரு துளியாக எடுத்து வெள்ளை ஓட்டில் இருக்கும் அயடீனில் விடுவோம். முதலில் கருநீலம், பிறகு ஊதா, கடைசியில் அயடீனின் கபில நிறம் மட்டும். ஒருத்தி கடிகாரம் பார்ப்பாள், ஒருத்தி துளி விடுவாள், ஒருத்தி எழுதுவாள். நேரம் தவறினால் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கவேண்டும்.

நொதியத்தின் வேகத்துக்கு ஒரு சமன்பாடு உண்டென்று மருத்துவபீடத்தில்தான் படித்தேன். மைக்கேலிஸ்-மென்ரன் சமன்பாடு. தாடி வைத்த இரண்டு ஜேர்மன் பேராசிரியர்கள் என்றே மனதில் வைத்திருந்தேன். மென்ரன் ஒரு பெண், அதுவும் ஒரு வைத்தியர் என்று தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது கடந்துவிட்டது.

மோட் லெயோனோரா மென்ரன் 1879இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் போர்ட் லாம்ப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. படிப்புக்காக ரொறொன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 1907இல் வைத்தியரானார். நியூயோர்க்கின் றொக்ஃபெல்லர் நிறுவகத்தில், எலிகளின் புற்றுக்கட்டிகளில் றேடியம் புரோமைட்டு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். 1911இல் எம்.டி. பட்டமும் பெற்றார்.  ஆனால் பெண்ணொருத்திக்கு அங்கே ஆய்வுகூடத்தில் இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது.

1912இல், டைட்டானிக் மூழ்கிய அதே ஆண்டில், அவர் அத்திலாந்திக்கைக் கடந்து பேர்லினுக்குப் போனார். அங்கே லெயோனோர் மைக்கேலிஸ் ஒரு மருத்துவமனையில் சிறிய ஆய்வுகூடம் ஒன்றை நடத்திவந்தார். யூதரான அவருக்குப் பல்கலைக்கழகத்தில் நிலையான பதவி கிடைக்கவில்லை. லெயோனோரும் லெயோனோராவும் சேர்ந்து எடுத்துக்கொண்டது மதுவத்திலிருந்து பெறும் இன்வெற்றேசு என்ற நொதியம். அது சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிக்கும். சுக்குரோசுக் கரைசல் முனைவாக்கிய ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். பிரிந்தபின் கரைசல் இடப்புறம் திருப்பும். ஆகவே ஒளி எவ்வளவு திரும்பியது என்று அளந்தால் எவ்வளவு சீனி உடைந்தது என்று தெரியும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்னரே விக்டர் ஆன்ரி என்பவர் இதைச் செய்து பார்த்திருந்தார். ஆனால் கரைசலின் அமிலத்தன்மையை அவர் நிலையாக வைத்திருக்கவில்லை. புதிதாகப் பிறந்த குளுக்கோசின் ஒளிதிருப்பம் நிலைபெறச் சற்று நேரம் எடுக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை. மென்ரனும் மைக்கேலிசும் தாங்கற் கரைசலால் அமிலத்தன்மையை நிலைப்படுத்தினார்கள். குறித்த நேரங்களில் மாதிரி எடுத்து, காரம் சேர்த்துத் தாக்கத்தை நிறுத்தி, ஒளிதிருப்பம் நிலைபெற்ற பின்னரே அளந்தார்கள். சீனியின் செறிவை மாற்றிமாற்றி, ஒவ்வொன்றிலும் ஆரம்ப வேகத்தைக் குறித்தார்கள். எமது வெள்ளை ஓட்டு வேலைதான், ஆனால் எவ்வளவு கவனம்! செறிவு கூடக்கூட வேகம் கூடும். ஓர் அளவுக்கு மேல் நொதியம் முழுவதும் வேலையில் இருப்பதால் வேகம் கூடாது. 1913இல் ஜேர்மன் மொழியில் கட்டுரை வெளிவந்தது.

அந்த வளைகோடு வெறும் பாடப்புத்தக விடயமல்ல. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றொயினைச் சிதைக்கும் ஈரல் நொதியம் வழக்கமான அளவிலேயே நிரம்பத் தொடங்கிவிடும். அதற்குமேல் மருந்தைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அதன் அளவு மளமளவென்று ஏறிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த நோயாளி இன்று தள்ளாடி நடப்பார். இம்மருந்தை எழுதும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மென்ரனின் நினைவு வரும்.

அவர் 1916இல் சிக்காகோவில் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் பிற்ஸ்பேர்க்கில் பல்கலைக்கழக ஆசிரியராகவும் சிறுவர் மருத்துவமனையின் நோயியலாளராகவும் நெடுங்காலம் பணியாற்றினார். பகலில் இறந்த குழந்தைகளின் உடல்களும் இழையத் துண்டுகளும், மிச்ச நேரத்தில் ஆய்வு. 1944இல் இழையத்தில் நொதியம் எங்கே இருக்கிறது என்பதைச் சாயத்தால் காட்டும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் வளர்ந்தவர்களின் ஈமோகுளோபினும் முதிர்மூலவுருவின் ஈமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைச் சகாக்களுடன் காட்டினார். ஓவியம் வரைவார், கிளாரினெற் வாசிப்பார், பழைய ஃபோர்ட் மொடல் ரீ காரைப் பல தசாப்தங்கள் ஓட்டினார்.

ஆனால் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது எழுபதை நெருங்கும் வயதில், ஓய்வுபெறச் சற்று முன்னர்தான். அதற்குள் அவருடைய சமன்பாட்டை உலகெங்கும் ஒரு தலைமுறை மாணவர் படித்து முடித்திருந்தனர். இதை வாசிக்கும் வைத்தியத் தோழிகளுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது.

1950இல் ஓய்வுபெற்றபின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குத் திரும்பி, உடல் இடம்கொடுத்தவரை அங்கும் ஆய்வு செய்தார். 1960இல் ஒன்ராறியோவில் காலமானார். ரொறொன்ரோ பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது. அந்நகரில் எமது பழைய மாணவியர் ஏராளம். அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிச்சென்று காட்டுங்கள்.