முரசின் மேல் ஆடிய ராஜகுமாரி!



சிங்காநல்லூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறோமே, அந்த ஊரில் ஒரு காலத்தில் சென்ட்ரல் ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது தெரியுமுங்களா? சென்னைக்குப் போட்டியாக நம்ம கோவையிலேயே சினிமா எடுத்த காலமுங்க அது! அங்கே ஆடி நடித்து, பிறகு இந்தி ரசிகர்களையும் கட்டிப்போட்டவர்தான் டி.ஆர். ராஜகுமாரி.

1922-ல் தஞ்சாவூரில் பிறந்தார். இயற்பெயர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள் பேர்பெற்ற பாடகி. சிவப்பாக இருந்தால்தான் கதாநாயகி என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். ராஜகுமாரியோ மாநிறம்! இயக்குநர் கே. சுப்ரமணியம் அதைப் பார்க்கவில்லை, திறமையைப் பார்த்தார். 1941-ல் வந்த 'கச்ச தேவயானி' அவரை நட்சத்திரமாக்கியது. அடுத்த வருஷம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மனோன்மணி'யில் பி.யு. சின்னப்பாவுக்கு ஜோடி.

1944 தீபாவளிக்கு வந்தது 'ஹரிதாஸ்'. நம்ம சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த படம். கதாநாயகன் தியாகராஜ பாகவதர். தாசி ரம்பாவாக ராஜகுமாரி பறக்கவிட்ட முத்தம் ஊரையே கிறங்கடித்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது அந்தப் படம்! ஆனால் வெளியான சில வாரங்களிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல் விடுதலையாகி வந்தும் பழைய புகழ் திரும்பவில்லை. புகழ் என்பது அவ்வளவுதாங்க!

1948-ல் எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'. 30 லட்ச ரூபாய்க்கு மேல் செலவு. முதலில் தமிழில், அதே வருஷம் டிசம்பரில் இந்தியில் வந்தது. ராட்சத முரசுகள் மேல் நடனம், ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து குதிக்கும் வீரர்கள்! வடக்கே இருந்தவர்களும் வாய்பிளந்து பார்த்தார்கள்.

வயது ஏறியது. கதாநாயகி வேஷம்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. 1954-ல் 'மனோகரா'வில் வில்லி வசந்தசேனையாக வந்து மிரட்டினார். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து சொந்தப் படம் எடுத்தார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அவர்கள் தயாரிப்புதான். அது ஓடவில்லை! சோர்ந்து உட்கார்ந்தார்களா? அடுத்த வருஷமே 'குலேபகாவலி' எடுத்து ஜெயித்தார்கள். சென்னை தி.நகரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டரும் கட்டினார். நடிகைக்குச் சம்பளம் மட்டும்தான் என்றிருந்த காலத்தில் அவர் முதலாளி!

கடைசிப் படம் 1963-ல் வந்த 'வானம்பாடி'. அதன்பின் கேமரா பக்கமே வரவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. அமைதியாக வாழ்ந்து 1999-ல் மறைந்தார்.

இன்று அந்த ஸ்டுடியோவும் இல்லை, தியேட்டரும் இல்லை. ஆனால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு மெஷின் பழசாகிவிட்டால் தொழிலாளி கதை முடிந்துவிடுமா? அடுத்த மெஷினைக் கற்றுக்கொள்கிறவன்தான் நிற்பான். கனவுக்கன்னி ராஜகுமாரி அப்படித்தாங்க நின்னாங்க. டிப்ளமோவோடு வெளியே போகும் நாமும் நிற்போம்!