சிதறிய மந்தையைச் சேர்த்த மேய்ப்பர்
புனித ஜோசப் வாஸ் அடிகளார்

குருவானவர் இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. ஓராண்டு ஈராண்டல்ல, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! அந்நிலையில் கிடந்த இலங்கைக் கத்தோலிக்க மக்களை மீண்டும் ஒரு குடும்பமாக்கியவர் புனித ஜோசப் வாஸ் அடிகளார்.

1651 ஏப்ரல் 21-ல் கோவாவிலுள்ள பெனோலிம் கிராமத்தில் பிறந்தார். 1676-ல் குருவானார். 1658-ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர், குருக்களை நாடு கடத்தினர். கத்தோலிக்க வழிபாட்டையும் தடை செய்தனர். அம்மக்களின் துயரைக் கேள்வியுற்ற அடிகளார், 1687-ல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் கடல் கடந்தார். உடன் சென்றவர் ஜான் என்னும் உதவியாளர் ஒருவரே.

கரை சேர்ந்ததும் கடும் நோய். தேறியபின் யாழ்ப்பாணத் தெருக்களில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். கழுத்தில் மட்டும் செபமாலை! அதைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ, அவரே நம்மவர் என்று அறிந்துகொண்டார். இவ்வாறு ஒரு வீடு, பின்னர் இன்னொரு வீடு என்று மந்தை கூடியது. சில்லாலை அவருக்கு அடைக்கலமாயிற்று. இரவில் திருப்பலி, பகலில் மறைவு. 1689 கிறிஸ்துமஸ் இரவில் வீரர்கள் புகுந்து விசுவாசிகள் பலரைப் பிடித்துச் சென்றனர். ஆயினும் காட்டிக்கொடுப்பார் இல்லை.

பின்பு புத்தளம் சென்று, 1692-ல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கீசிய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையிட்டனர். காவலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். 1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, பெற்றோரே பிள்ளைகளை விட்டோடினர். அடிகளாரோ மருமகனான கார்வாலோ அடிகளாருடன், மத வேறுபாடு பாராமல் நோயாளரைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியரின் மதிப்பையும் பெற்றார்.

அடிகளார் எல்லா ஊரிலும் தங்கியிருக்க முடியாது. ஆகவே ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் முதலிய பொதுநிலையினரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். குரு வராத நாட்களிலும் அவர்கள் மக்களைச் செபத்திற்குக் கூட்டினர்; சிறுவருக்கு ஞானோபதேசம் போதித்தனர்; இறக்கும் தறுவாயிலிருப்போர் அருகில் இருந்தனர். தமிழரும் சிங்களரும் தத்தம் மொழியில் செபித்தனர். 1711 சனவரி 16-ல் அவர் கண்டியில் இறந்தபோதும் திருச்சபை சிதறவில்லை. காரணம், அவர் அதைத் தம்மீது கட்டவில்லை, மக்கள்மீது கட்டியிருந்தார். 2015 சனவரி 14-ல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நமது மீஞ்சூரிலும் அனல் மின் நிலையம், துறைமுகம், தொழிற்சாலை என்று பிழைப்புத் தேடிப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர் உண்டு. ஞாயிறன்று ஷிப்ட் வேலையால் கோவிலுக்கு வர இயலாதோரும் உண்டு. அடுத்த வீட்டில் செபமாலை தொங்குவதை நாம் கவனித்ததுண்டா? நமக்குத் தடை போட அரசன் இல்லை. கதவைத் தட்டத் தயக்கம்தான் தடை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புதிய குடும்பத்தை அன்பியத்திற்கு அழைத்து வருமாயின், அதுவே புனிதருக்கு நாம் செலுத்தும் மெய்யான காணிக்கை.