யாரும் பாடல, டிரம்ஸும் இல்ல... 35 வருஷம் வெளிவராத பீட்டில்ஸ் பதிவு! அதில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் யார்?

பீட்டில்ஸ் என்றாலே ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்னு 4 பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனா ரிங்கோ வருவதற்கு முன்பே அந்தக் குழுவில் இன்னொருவர் இருந்தார். அவர்தான் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப்.

பீட்டில்ஸுடன் அவர் வாசித்ததில் அதிகாரபூர்வமாக வெளியானவை வெறும் 3 பதிவுகள். அதில் ஒன்று ‘கயென்’. யாரும் பாடாத, வெறும் கிட்டார் இசை. 1960-ல் பதிவான இது, 1995-ல்தான் வெளியே வந்தது.

ஓவியர் கையில் கிட்டார்

1940 ஜூன் 23-ல் ஸ்காட்லாந்தின் எடின்பர்க்கில் பிறந்தவர் ஸ்டூவர்ட். வளர்ந்தது இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில். அங்குள்ள கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தபோது லெனான் நெருங்கிய நண்பரானார்.

1959-ல் லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தின் கண்காட்சிக்கு ஸ்டூவர்ட்டின் ஓவியம் தேர்வானது. கண்காட்சியின் புரவலர் ஜான் மூர்ஸே அதை 65 பவுண்டுக்கு வாங்கினார். ஒரு மாணவருக்கு அது பெரிய அங்கீகாரம்.

இந்த நேரத்தில்தான் லெனானின் குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. வாசிக்கத் தெரியாத ஸ்டூவர்ட், நண்பனுக்காக ஒரு ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். குழுவுக்கு வண்டை நினைவுபடுத்தும் பெயரை யோசித்ததிலும் லெனானோடு அவருக்குப் பங்கு உண்டு.

வீட்டில் பதிவான டேப்

1960-ல் லிவர்பூல் ஃபோர்த்லின் சாலையில் இருந்த மெக்கார்ட்னியின் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தார்கள். ‘கயென்’ அங்கே பதிவானதுதான். இசை மெக்கார்ட்னியுடையது. அப்போது டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. கிட்டார்களுக்கு அடியில் கேட்கும் கனத்த ஒலி ஸ்டூவர்ட்டின் பேஸ்.

ஹாம்பர்க்கில் எடுத்த முடிவு

1960 ஆகஸ்டில் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனது. அங்குள்ள கிளப்களில் இரவு இரவாக மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். அங்கே ஸ்டூவர்ட்டுக்கு ஆஸ்ட்ரிட் கிர்ஹெர் என்ற புகைப்படக் கலைஞர் அறிமுகமானார். இருவரும் காதலித்தார்கள், நிச்சயதார்த்தமும் செய்துகொண்டார்கள்.

1961-ல் ஸ்டூவர்ட் குழுவை விட்டு விலகினார். யாரும் துரத்திவிடவில்லை. ஓவியம்தான் தன் வழி என்று அவரே முடிவு செய்தார். பேஸ் கிட்டார் மெக்கார்ட்னி கைக்குப் போனது. ஹாம்பர்க் கலைக் கல்லூரியில் சிற்பி எடுவார்டோ பவுலோட்சியிடம் மாணவராகச் சேர்ந்தார் ஸ்டூவர்ட்.

21 வயதில் மரணம்

அதன் பிறகு கடுமையான தலைவலி அவரை வாட்டியது. டாக்டர்களால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1962 ஏப்ரல் 10-ல் மருத்துவமனைக்குப் போகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே உயிர் பிரிந்தது. மூளையில் ரத்தக்கசிவு. அது எதனால் ஏற்பட்டது என்பதில் இன்றுவரை ஒரே கருத்து இல்லை.

நிகழ்ச்சிக்காக ஹாம்பர்க் விமான நிலையம் வந்து இறங்கிய நண்பர்களிடம் இந்தச் செய்தியைச் சொன்னவர் ஆஸ்ட்ரிட். அதே ஆண்டு அக்டோபரில் பீட்டில்ஸின் முதல் சிங்கிள் ‘லவ் மீ டூ’ வெளியானது. அதன் பிறகு வந்த உலகப் புகழ் எதையும் ஸ்டூவர்ட் பார்க்கவில்லை.

35 ஆண்டுகள் கழித்து

1967-ல் வெளியான ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தின் அட்டையில் அவர் முகத்தையும் சேர்த்தார்கள். 1995 நவம்பரில் வந்த ‘ஆந்தாலஜி 1’ தொகுப்பில் ‘கயென்’ இடம்பெற்றது. அதில் இருப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான பகுதிதான்.

ஸ்டூவர்ட் பெரிய பேஸ் கலைஞர் இல்லை. அப்படி ஆக அவர் ஆசைப்படவும் இல்லை. ஒரு நண்பனுக்காக அவர் கிட்டார் பிடித்த நாட்களின் சாட்சி இந்தப் பதிவு. அவர் தனக்காக வாழ்ந்த வாழ்க்கையைப் பார்க்கணும்னா, அவருடைய ஓவியங்களைத்தான் தேடிப் பார்க்கணும்.