தமிழ்ப் பெரியார் திரு. வி. கலியாணசுந்தரனார்

தமிழ் பயில்வாரைக் காணுந்தோறும், இக்கல்வியால் ஆவது என்னை என்று வினவுதல் உலகத்தார்க்கு வழக்கமாயிற்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நம்மனோர் செவிக்கு அவ்வினா புதியதன்று. தம் வாழ்க்கையையே அதற்கு விடையாகத் தந்து சென்றவர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார். அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

சென்னைக்கு மேற்கே, போரூர்ப் பக்கத்துள்ள துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் அவர் பிறந்தார். இன்று தண்டலம் என வழங்குவது அவ்வூரே. பூவிருந்தவல்லியினின்றும் அம்பத்தூரினின்றும் ஆவடியினின்றும் கல்லூரிக்கு வரும் நம்மவர்க்கு அது தொலைவிலுள்ளதன்று. தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மாள். அவர் பெயர்முன் நிற்கும் திரு என்பது மதிப்புரைக்கும் அடையன்று. முன்னோர் ஊராகிய திருவாரூரைக் குறிப்பது.

இளமையிற் குடும்பம் இராயப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தது. நோயால் இடையிற் கல்வி தடைப்பட்டது. பின்னர் வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கு யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை தமிழாசிரியராய் அமைந்தது அவர் பெற்ற பேறு எனலாம். அவ்வாசிரியர்மீது வழக்கொன்று நிகழ்ந்தபோது, அவர்பொருட்டுச் சான்று பகரச் சென்றமையால், 1904ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வெழுதும் வாய்ப்பை மாணவர் இழந்தார். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றதேனும் தமிழ்ப் படிப்பு நின்றதில்லை. கதிரைவேற் பிள்ளை 1907இல் மறைந்த பின்னர், மயிலைத் தணிகாசல முதலியாரை அடைந்து மேலும் கற்றார்.

ஸ்பென்ஸர் கம்பெனியிற் சிறிது காலம் கணக்கராய் இருந்து விலகினார். பின் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். நாளடைவில் தலைமைத் தமிழாசிரியராக உயர்ந்தார். 1912இற் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். நிலையான ஊதியம், விரும்பிய தொழில், இனிய இல்லறம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்திருந்த அக்காலத்தே நாட்டின் அழைப்பு அவர் செவியிற் பட்டது. 1917ஆம் ஆண்டில் ஆசிரியப் பதவியைத் துறந்து, தேசபக்தன் என்னும் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். மறுவருடமே மனைவியார் இறந்தார். மக்கள் இருவரும் முன்னரே மறைந்தனர். இரண்டாம் மணத்தை அவர் நாடினாரல்லர்.

அந்நாளில் அரசியற் கூட்டமெனின் ஆங்கிலச் சொற்பொழிவே பெரும்பான்மை. கேட்போருட் பலர் பொருள் அறியாது கைதட்டிச் சென்றனர். கலியாணசுந்தரனார் அரசியலைத் தமிழிற் பேசினார், தமிழில் எழுதினார். ஆங்கிலச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொற்களை ஆக்கியும் தேடியும் வழங்கினார். தேசபக்தனிலும் 1920இல் தாம் தொடங்கிய நவசக்தியிலும் அந்நடை வளர்ந்தது. புலவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட செந்தமிழ் கடைத்தெருவிலும் ஆலைவாயிலிலும் ஒலிக்கலாயிற்று.

ஆலைவாயில் என்றது உவமையன்று. பெரம்பூர்ப் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளிற் பாடுபட்டோர் நெடிய வேலை நேரத்தாலும் குறுகிய உணவு இடைவேளையாலும் வருந்தினர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்று முயல, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவில் முதலாவது இதுவே என்ப. பி. பி. வாடியா தலைவர், கலியாணசுந்தரனார் துணைத்தலைவர். 1920 டிசம்பரிற் காவலர் சுட்டதிற் தொழிலாளர் உயிரிழந்தனர். 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் பல திங்கள் நீடித்தது. புளியந்தோப்பில் தொழிலாளர்க்குள்ளேயே சாதிப்பூசல் மூண்டது, போராட்டம் தோல்வியுற்றது. அத்தோல்விக்குப் பின்னும் அவர் தொழிலாளரைக் கைவிட்டாரல்லர்.

அவர் வாழ்க்கையில் இன்றும் ஆராய்தற்குரிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1925 நவம்பரிற் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மாகாண மாநாட்டிற்கு அவரே தலைவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டி ஈ. வெ. இராமசாமி கொணர்ந்த தீர்மானத்திற்குத் தலைவர் இடந்தரவில்லை. ஈ. வெ. ரா. வெளியேறினார், தமிழ்நாட்டு அரசியலின் போக்கே மாறிற்று. நாட்டின் ஒற்றுமை குலையலாகாது என்று தலைவர் அஞ்சியிருத்தல் கூடும். ஆயினும் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டோர் தம் பங்கைக் கேட்டது நேரிதே என்பதும், அதனை அவையில் ஆராயவேனும் விட்டிருத்தல் வேண்டும் என்பதும் நம் கருத்து. பெரியோரைப் போற்றுதல் வேறு. அவர் செய்தன யாவும் சரியெனச் சாதித்தல் வேறு. அவ்விருவர் நட்போ அன்றோடு முறிந்திலது. 1948இற் கட்டாய இந்தியை எதிர்த்த மேடையில் இருவரும் ஒருங்கே நின்றனர்.

இதனினும் வியப்பானது 1947ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, காங்கிரஸ் அமைச்சரவையே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. எந்த விடுதலைக்காக முப்பதாண்டு முன்னர் ஊதியத்தைத் துறந்தாரோ, அவ்விடுதலை வந்த ஆண்டிலேயே அவர் தம் இல்லத்தைவிட்டு வெளியேற இயலாதவராய் இருந்தார். தம் கட்சி ஆட்சியேறியதும் அதன் நிழலில் ஒதுங்குவார் பலர். அவரோ அறுபத்து நான்காம் அகவையிலும் தொழிலாளர் பக்கமே நின்றார். அமைச்சர் பதவி எதனையும் அவர் வகித்தாரல்லர்.

அவர் நூல்கள் பல. பெண்ணின் பெருமை, முருகன் அல்லது அழகு, மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் என்பன பலரும் அறிந்தவை. சைவராகிய அவர் கிறிஸ்து பெருமானைப் போற்றிக் கிறிஸ்துவின் அருள் வேட்டல் என்னும் செய்யுள் நூலும் இயற்றினார். தம் சமயத்தை விடாமலே பிற சமயத்தின் உயிர்நிலையைக் காணும் அப்பண்பு, கிறிஸ்தவராகிய நம்மால் நன்றியோடு நினைக்கத்தக்கது. முதுமையிற் கண்ணொளி குன்றியபோதும் பிறர் எழுதத் தாம் சொல்லி நூல் செய்தார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மறைந்தார்.

அவர் பிறந்த ஊர்ப்புறம் இன்று பெரிதும் மாறியுள்ளது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பல்லாயிரவர் உழைக்கின்றனர். நம்முள் பலர் பெற்றோர் அவருள் அடங்குவர். அவர்தம் குறையை அவர்தம் மொழியில் எடுத்துரைக்க வல்லார் வேண்டும். தமிழ்க் கல்வியால் ஆவது என்னை என்று இனி எவரேனும் வினவின், துள்ளத்திற் பிறந்த அத்தமிழாசிரியரைச் சுட்டுவோமாக. சுட்டுதலோடு அமையாது, அவர் சென்ற நெறியிற் சில அடியேனும் நடப்போமாக.