விமர்சனங்களுக்கு நடுவே விடாது உழைத்த தத்துவ போதகர்



பங்கில் ஆர்வத்தோடு உழைத்து வந்த ஒருவர் திடீரென்று ஒதுங்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அன்பியக் கூட்டத்திலோ பாடகர் குழுவிலோ யாரோ சொன்ன ஒரு சொல் அவர் மனதைப் புண்படுத்தியிருக்கும். ஊரார் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். உடன் உழைப்பவர் பேசினால்தான் தாங்க முடிவதில்லை. அந்த வேதனையைப் பதின்மூன்று ஆண்டுகள் சுமந்தவர் தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார்.

இத்தாலியில் உயர்குடியில் 1577-ல் பிறந்த அவர், இயேசு சபையில் சேர்ந்து 1606-ல் மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் பல ஆண்டுகளாக உழைத்தும், உள்ளூர் மக்கள் மறையை ஏற்க முன்வரவில்லை. கிறிஸ்தவம் பறங்கியரின் மதம் என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்பதை நொபிலி உணர்ந்தார். காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், புலால் உணவைத் துறந்தார், தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார்.

எதிர்ப்பு முதலில் சொந்த இல்லத்திலிருந்தே எழுந்தது. பெர்னாண்டஸ் அடிகளார் 1610-ல் மேலதிகாரிகளிடம் முறையிட்டார். நொபிலி மறையை விட்டு விலகிவிட்டார் என்ற வதந்தி உரோமை வரை சென்றது. உறவினரான கர்தினால் பெல்லார்மின்கூட அதை நம்பிக் கண்டித்து எழுதினார். 1619-ல் கோவாவில் கூடிய ஆய்வுக் கூட்டத்தில் பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே பேசினர்.

நொபிலி சபையை விட்டு வெளியேறவில்லை. தம்மைக் குறை கூறியவர்களைப் பழிக்கவும் இல்லை. தம் செயல்களுக்கான காரணங்களைப் பொறுமையோடு எழுதி அனுப்பினார். அவற்றைப் படித்த பெல்லார்மின் மனம் மாறி அவருக்கு ஆதரவானார். இறுதியில் 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை 15-ம் கிரகோரியார், மேலும் ஆராயப்படும் வரை என்ற நிபந்தனையோடு, அவரது அணுகுமுறைக்கு இசைவு அளித்தார்.

வெற்றி கிடைத்ததும் அவர் ஓய்வெடுக்கவில்லை. அதே ஆண்டில் வடக்கு நோக்கி நடந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். சேலத்திலும் நற்செய்தியின் விதை விழுந்தது. சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997-ல் பிரிந்து உருவான நம் தருமபுரி மறைமாவட்டத்தின் விசுவாச வரலாற்றோடு அந்தக் கால்நடைப் பயணத்திற்கும் தொடர்பு உண்டு.

அவர்மீது சொல்லப்பட்ட குறைகள் அனைத்தும் பொய் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அக்காலத்துச் சாதி வேறுபாடுகளை அவர் ஏற்று நடந்தது, இன்றும் நம்மை உறுத்தும் குறையே. ஒடுக்கப்பட்ட மக்களையும் அணுகுவதற்காக 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற குருக்கள் பணியாற்றத் தொடங்கினர். ஆனாலும் சாதி என்ற காயம் இன்னும் நம் திரு அவையில் ஆறவில்லை. விமர்சனத்தில் உண்மை இருக்கும்போது திருந்துவதும் அர்ப்பணத்தின் ஒரு பகுதியே.

1640-ல் மதுரையில் சிறையும் அனுபவித்த அவர், முதுமையில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் மயிலாப்பூரிலும் வாழ்ந்தார். கண்பார்வை மங்கிய பின்னும் பணியை நிறுத்தவில்லை. 1656 சனவரி 16 அன்று இறைவனடி சேர்ந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் போன்ற அவருடைய நூல்கள் தமிழ் உரைநடைக்கும் வளம் சேர்த்தன.

அன்பார்ந்தவர்களே, பாவிகளோடு உணவருந்தியதற்காக நம் ஆண்டவரும் விமர்சிக்கப்பட்டார். அதற்காக அவர் அந்தப் பந்தியிலிருந்து எழுந்துவிடவில்லை. நம்மை யாராவது குறை கூறினால் முதலில் செபத்தில் அமர்வோம். சொன்னதில் உண்மை இருந்தால் திருத்திக்கொள்வோம். இல்லையென்றால் அமைதியாக விளக்குவோம். இரண்டு நிலையிலும், கையில் எடுத்த பணியைக் கீழே வைக்காதிருப்போம். ஒதுங்கி நிற்கும் சகோதர சகோதரிகள் நம் பங்கில் இருந்தால், இந்த ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்குச் சென்று அழைத்து வருவோம். நம் சொல்லே அவர்களைக் காயப்படுத்தியிருந்தால் மன்னிப்புக் கேட்போம். அதற்கான வரத்தை இறைவன் நமக்குத் தருவாராக.